சிபிஆர் பயிற்சியில் பாட்டு: எதற்கு உதவுகிறது, எதற்கு உதவாது

சிபிஆர் என்பது இதயம் நின்றவரின் நெஞ்சை அழுத்தி ரத்த ஓட்டத்தைத் தாங்கிப் பிடிக்கும் முதலுதவி. அதற்கான பயிற்சிக்குப் போகிறவர்கள் கட்டாயம் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டிய எண் ஒன்று உண்டு: நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை. இதயம் நின்று மயங்கிக் கிடப்பவரின் நெஞ்செலும்பின் மேல், நெஞ்சின் நடுவில், இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அந்த வேகத்தில் அழுத்த வேண்டும். கேட்பதற்கு இது தாராளமான இடைவெளியாகத் தோன்றும். வினாடிக் கணக்கில் மாற்றிப் பார்த்தால்தான் அதன் நெருக்கம் புரியும். ஓர் அழுத்தத்தின் தொடக்கத்திலிருந்து அடுத்த அழுத்தத்தின் தொடக்கம் வரை 0.6 வினாடி ஆனால் வேகம் 100, 0.5 வினாடி ஆனால் 120. வினாடியில் பத்தில் ஒரு பங்கு அகலமே உள்ள பாதையில்தான் கை தொடர்ந்து நடக்க வேண்டும், அதுவும் ஆம்புலன்ஸ் வந்து சேரும்வரை. கண்ணும் கையும் நோயாளியின் மேல் இருக்கும்போது கடிகாரத்தைப் பார்த்து இந்த இடைவெளியை அளக்க யாராலும் முடியாது. மனதுக்குள் ஏற்கெனவே பதிந்திருக்கும் ஒரு தாளத்தை எடுத்துப் பயன்படுத்த முடியும்.

பயிற்சிக் கூடங்களுக்குள் பாட்டு நுழைந்ததற்குக் காரணம் இதுவே. இன்று பல நாடுகளில் பயிற்றுநர்கள் குறிப்பிட்ட வேகமுள்ள ஒரு பாட்டை ஒலிக்கவிட்டு, அதன் ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் அழுத்தம் என்று மாணவர்களைப் பழக்குகிறார்கள். இது நல்ல வழக்கம் என்றே நான் கருதுகிறேன். ஆனால் பாட்டு எந்த வேலையைச் செய்கிறது, எந்த வேலையை அதனால் செய்ய முடியாது என்பதைப் பயிற்றுநர் தெளிவாகப் பிரித்துப் பார்க்காவிட்டால், தாளம் தவறாமல், ஆனால் மூளைக்கு ரத்தம் போய்ச் சேராத அளவுக்கு மேலோட்டமாக அழுத்தும் மாணவர்களைத்தான் அவர் வெளியே அனுப்புவார். இந்த அச்சம் கற்பனையானது அன்று. ஆய்வுகளே அதைக் காட்டியிருக்கின்றன.

முதலில் வேகம் ஏன் முக்கியம் என்பதைப் பார்க்க வேண்டும். நெஞ்சை அழுத்தும்போது இதயத்திலிருந்து ரத்தம் வெளியே தள்ளப்படுகிறது. அழுத்தத்தை விடும்போது நெஞ்சுக்கூடு எழும்பி, ரத்தம் இதயத்துக்குத் திரும்பி வந்து நிறைகிறது. இதயத் தசைக்கே ரத்தம் கொடுக்கும் கரோனரி நாளங்களில் ஓட்டம் நடப்பது பெரும்பாலும் இந்த விடும் பொழுதில்தான். எவ்வளவு திறமையாகச் செய்தாலும் இயல்பான ரத்த ஓட்டத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரைதான் கிடைக்கும். ஆகவே அதில் எந்தக் குறைவும் தாங்காது. மெதுவாக அழுத்தினால் நிமிடத்துக்குப் போகும் ரத்தம் குறைகிறது. மிக வேகமாக அழுத்தினால் இதயம் நிறைய நேரம் கிடைப்பதில்லை, கையும் போதிய ஆழத்துக்கு இறங்குவதில்லை. இடையில் நிறுத்தினாலோ, அதுவரை சிறுகச் சிறுக ஏறிய ரத்த அழுத்தம் சட்டென்று விழுந்துவிடுகிறது. மீண்டும் தொடங்கும்போது அதைத் திரும்ப ஏற்றப் பல அழுத்தங்கள் செலவாகின்றன. சீரான வேகம் என்பது வேகத்தை மட்டுமல்லாமல் இடைவிடாமையையும் சேர்த்தே குறிக்கிறது.

இந்த எண் தொடக்கத்திலிருந்தே இப்படி இருக்கவில்லை. 1960ஆம் ஆண்டு ஜூலையில், பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த கோவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் ஆகிய மூவரும், நெஞ்சைத் திறக்காமல் வெளியிலிருந்து அழுத்தியே ரத்த ஓட்டத்தைத் தாங்கிப் பிடிக்கலாம் என்று அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் எழுதினார்கள். அப்போது அவர்கள் சொன்ன வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 60. 1986இல் அமெரிக்க இதயச் சங்கம் அதை 80 முதல் 100 வரை என்று உயர்த்தியது. 2000த்தில் ஏறத்தாழ 100 என்றானது. 2010இல் வந்த வழிகாட்டுதல் ‘குறைந்தது 100’ என்றது. 2015இல்தான் 100 முதல் 120 வரை என்று மேல்வரம்பும் சேர்ந்தது.

மேல்வரம்பு தேவைப்பட்டதற்கான காரணம், பாட்டைப் பற்றிய இந்தப் பேச்சுக்கு நேரடியாகத் தொடர்புடையது. ‘குறைந்தது 100’ என்று கேட்டவர்கள், வேகம் கூடக் கூட நல்லது என்று எடுத்துக்கொள்ள இடமிருந்தது. ஆனால் வட அமெரிக்காவில் மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர்களுக்கு அவசர ஊர்தி ஊழியர்கள் செய்த சிபிஆரைக் கருவிகள் பதிவு செய்திருந்தன. அந்தப் பதிவுகளை ஆராய்ந்தபோது வேறொரு உண்மை தெரியவந்தது. 100 முதல் 119 வரையிலான வேகத்தில் ஏறத்தாழ 35 சதவீத அழுத்தங்கள் ஆழம் போதாமல் இருந்தன. 120 முதல் 139 வரை போனபோது அது 50 சதவீதம் ஆயிற்று. 140ஐத் தாண்டியபோது 70 சதவீதம். அவசரம் கையை மேலோட்டமாக்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. இவற்றைச் செய்தவர்கள் அன்றாடம் இதே வேலையைப் பார்க்கும் ஊழியர்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. உறவினர் ஒருவர் கண்முன்னே விழுந்து கிடக்கும்போது, வாழ்நாளில் முதல்முறையாக அழுத்துகிறவரின் கை எவ்வளவு தடுமாறும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

சிபிஆர் என்றாலே பலருக்கு நினைவுக்கு வரும் பாட்டு, பீ ஜீஸ் குழுவினரின் ‘ஸ்டேயின் அலைவ்’. 1977இல் அது வெளிவந்தபோது, வழிகாட்டுதல்கள் இரண்டு பேர் சேர்ந்து செய்யும் சிபிஆருக்கு நிமிடத்துக்கு 60 என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தன. ஆகவே ஏறத்தாழ 103 தட்டு வேகமுள்ள அந்தப் பாட்டை அன்றைய பயிற்சியில் பயன்படுத்தியிருந்தால் தவறாகவே முடிந்திருக்கும். பின்னாளில் வழிகாட்டுதல்தான் பாட்டின் வேகத்துக்கு வந்து சேர்ந்தது. அந்தப் பாட்டின் ஒலிப்பதிவு பாரிஸுக்கு அருகே எரூவில் மாளிகையில் நடந்தபோது டிரம்ஸ் வாசிப்பவர் இல்லாமல் போனதால், அதே குழுவின் ‘நைட் ஃபீவர்’ பாட்டிலிருந்து சில நொடிகள் நீளமுள்ள டிரம்ஸ் வாசிப்பை வெட்டி எடுத்து, ஒலிநாடாவை வளையமாக ஒட்டி, அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பதிவு செய்தார்கள். நேரடி வாசிப்பில் இயல்பாக வரும் ஏற்ற இறக்கம் அதனால் அந்தப் பாட்டில் இல்லை. ஒரு நெருக்கடிக்குக் கண்ட தீர்வு, முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு மருத்துவத்துக்குப் பயன்பட்டிருக்கிறது என்பதை எண்ணும்போது வியப்பாகவே இருக்கிறது.

ஹவாயைச் சேர்ந்த குழந்தைகள் அவசர மருத்துவர் ஆல்சன் இனாபா, 2000களின் நடுப்பகுதியில் தம் வகுப்புகளில் அந்தப் பாட்டைச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார். அமெரிக்க இதயச் சங்கம் பிறகு வாயோடு வாய் வைத்து ஊதாமல் கைகளால் மட்டும் செய்யும் சிபிஆருக்கான பொதுமக்கள் பிரசாரத்தில் அதையே எடுத்துக்கொண்டது. இல்லினாய் மாநிலத்தின் பியோரியா நகரிலுள்ள மருத்துவக் கல்லூரியில் நடந்த சிறிய ஆய்வு 2008இல் செய்தியானது. மருத்துவர்களும் மாணவர்களுமாக 15 பேர் பாட்டைக் கேட்டுக்கொண்டே பயிற்சிப் பொம்மையை அழுத்தினார்கள். சராசரி வேகம் 109. ஐந்து வாரங்கள் கழித்து அவர்களை அழைத்து, பாட்டை ஒலிக்கவிடாமல் மனதுக்குள் மட்டும் நினைத்துக்கொண்டு அழுத்தச் சொன்னபோது சராசரி 113. பங்கேற்றவர்கள் குறைவு, அனைவரும் மருத்துவத் துறையினர் என்பதால் இதைக் கொண்டு பெரிய முடிவு எதற்கும் வர முடியாது. ஆனாலும் ஒரு கேள்விக்கு அது நம்பிக்கையூட்டும் விடை தந்தது: வாரங்கள் கடந்த பிறகும் பாட்டின் வேகம் நினைவில் நிற்கிறதா? நிற்கிறது.

அது ஏன் நிற்கிறது என்பதற்கு இசையறிவு பற்றிய ஆராய்ச்சியில் விளக்கம் உண்டு. 1996இல் லெவிட்டின், குக் என்ற இரு ஆய்வாளர்கள், இசைப்பயிற்சி பெரிதாக இல்லாதவர்களையும் சேர்த்துக்கொண்டு, தங்களுக்குப் பிடித்த பாட்டை நினைவிலிருந்து பாடச் சொன்னார்கள். பெரும்பாலான முறை அவர்கள் பாடிய வேகம் அசல் ஒலிப்பதிவின் வேகத்திலிருந்து 8 சதவீதத்துக்குள்தான் விலகியிருந்தது. ஒரே ஒலிப்பதிவைப் பலமுறை கேட்டுக் கேட்டு அதன் வேகம் நமக்குள் ஆழமாகப் பதிந்துவிடுகிறது. எண்களை நினைவில் வைக்கும் ஆற்றலைவிட இது பலமானது. நிமிடத்துக்கு 110 என்றால் எவ்வளவு வேகம் என்று திடீரென்று கேட்டால் பெரும்பாலோரால் கையைத் தட்டிக் காட்ட முடியாது. பழகிய ஒரு பாட்டின் பல்லவியைத் தொடங்கச் சொன்னால் ஏறத்தாழ அதே வேகத்தில் தொடங்கிவிடுவார்கள்.

இந்த 8 சதவீதத்தை நம் 100–120 வரம்போடு சேர்த்து வைத்துப் பார்த்தால், எந்த வேகமுள்ள பாட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதும் விளங்குகிறது. 110 தட்டு வேகமுள்ள பாட்டை நினைவிலிருந்து எடுப்பவர் 8 சதவீதம் முன்னே பின்னே போனாலும் 101க்கும் 119க்கும் இடையிலேயே இருப்பார். 103 வேகமுள்ள பாட்டை எடுப்பவர் 95 வரை இறங்கிவிடலாம். பதற்றத்தில் எல்லோருக்கும் வேகம் கூடத்தான் செய்யும் என்று இதற்குப் பதில் சொல்லலாம். பியோரியாவில் 103 வேகப் பாட்டை நினைத்தவர்கள் 113இல் அழுத்தியதும் அதற்கு ஒத்துப்போகிறது. ஆனால் களைப்பு எதிர்த்திசையில் இழுக்கும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆகவே, புதிதாக ஒரு பாட்டைத் தேடுகிறவர்கள் வரம்பின் ஓரத்தில் நிற்பதை விட்டு 105 முதல் 115 வரையில் உள்ளதைத் தேடுவதே பாதுகாப்பு.

இனி, இந்தத் துறையில் நான் மிக முக்கியமானதாகக் கருதும் ஆய்வுக்கு வருகிறேன். 2009 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்த அந்த ஆய்வை பர்மிங்காம், கோவென்ட்ரி ஆய்வாளர்கள் நடத்தினார்கள். பொதுமக்களில் 130 பேர், ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடமாக மூன்று முறை பொம்மையை அழுத்தினார்கள்: ஒரு முறை பாட்டில்லாமல், ஒரு முறை ‘நெல்லி தி எலிஃபென்ட்’ என்ற பழைய குழந்தைப் பாட்டோடு, ஒரு முறை ‘தட்ஸ் த வே’ என்ற டிஸ்கோ பாட்டோடு. பிரிட்டனில் பல பயிற்றுநர்கள் அந்த யானைப் பாட்டை ஏற்கெனவே வகுப்புகளில் பயன்படுத்திவந்ததால்தான் அதைச் சோதிக்க முனைந்தார்கள். அப்போதைய இலக்கு 100 என்பதால், 95க்கும் 105க்கும் இடையில் அழுத்தியவர்களைத் தேறியவர்களாகக் கொண்டார்கள். பாட்டில்லாதபோது 12 சதவீதத்தினரும், யானைப் பாட்டோடு 32 சதவீதத்தினரும், டிஸ்கோ பாட்டோடு 9 சதவீதத்தினரும் அந்த எல்லைக்குள் இருந்தார்கள்.

இந்த மூன்று எண்களை மட்டும் பார்த்தால் யானைப் பாட்டு வென்றது, டிஸ்கோ பாட்டு தோற்றது என்று தோன்றும். அதே ஆய்வின் இன்னொரு வரிசை எண்களைப் பார்க்கும்போது படம் மாறுகிறது. பங்கேற்றவர்களை வேகத்தின்படி வரிசைப்படுத்தி நடுவிலுள்ள பாதிப் பேரை மட்டும் எடுத்துக்கொண்டால், பாட்டில்லாமல் அவர்கள் 93 முதல் 119 வரை பரவிக் கிடந்தார்கள். யானைப் பாட்டோடு அது 98 முதல் 107 வரை என்று சுருங்கியது. டிஸ்கோ பாட்டோடு 103 முதல் 110 வரை என்று மேலும் சுருங்கியது. அதாவது இரண்டு பாட்டுமே கேட்டவர்களை ஒரே வேகத்துக்குள் இழுத்துக்கொண்டு வந்தன. டிஸ்கோ பாட்டின் வேகம் அன்றைய இலக்குக்குச் சற்று மேலே இருந்ததால்தான் தோல்வியாகக் கணக்கிடப்பட்டது. இன்றைய 100–120 வரம்பை வைத்து அளந்தால் அந்த நடுப்பாதி முழுவதும் தேறிவிடும்.

கவனிக்க வேண்டிய இன்னொன்றும் இதில் உண்டு. பாட்டே இல்லாதபோதும் நடுமதிப்பு, அதாவது அந்த வரிசையின் சரியான நடுவில் உள்ள வேகம், 110ஆக இருந்தது. அது இன்றைய வரம்பின் சரியான மையம். பொதுமக்களுக்கு வேகமே தெரியாது என்று சொல்வது ஆகவே சரியில்லை. சிலர் மிக மெதுவாகவும் சிலர் மிக வேகமாகவும் போவதால், கூட்டமாகப் பார்க்கும்போது சரியாகத் தெரிவது ஆளாளுக்குச் சரியாக இருப்பதில்லை. விழுந்து கிடப்பவருக்குக் கூட்டத்தின் சராசரியால் பயனில்லை. அவர் நெஞ்சின் மேல் இருப்பது ஒரே ஒருவரின் கை. பாட்டு செய்யும் பெரிய உதவி இந்தச் சிதறலைக் குறைப்பதுதான்.

ஆனால் அதே ஆய்வு பாட்டைக் கைவிடச் சொல்லி முடிந்தது. காரணம், ஆழம். பாட்டில்லாதபோது 47 சதவீத அழுத்தங்கள் போதிய ஆழமில்லாமல் இருந்தன. யானைப் பாட்டோடு அது 56 சதவீதமாக உயர்ந்தது. வழிகாட்டுதல்கள் வேகத்துக்கும் ஆழத்துக்கும் ஒரே அளவு முக்கியத்துவம் தருவதால், பயிற்சியில் யானைப் பாட்டை நிறுத்திவிட வேண்டும் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். முன்பு சொன்ன வட அமெரிக்கப் பதிவுகளில் வேகம் கூடியதால் ஆழம் குறைந்தது. இங்கே யானைப் பாட்டு வேகத்தைக் கூட்டவே இல்லை, நடுமதிப்பை 110இலிருந்து 105ஆகக் குறைக்கத்தான் செய்தது. அப்படியிருந்தும் ஆழம் குறைந்திருக்கிறது என்றால், கையின் உழைப்பைத் தவிர வேறொரு காரணமும் இருந்தாக வேண்டும். தட்டு தவறக்கூடாது என்பதில் மனம் முழுதாகப் போய்விடும்போது, எவ்வளவு கீழே இறங்குகிறோம் என்பதைக் கவனிக்க மிச்சம் எதுவும் இருப்பதில்லை என்பதே எனக்குப் பொருத்தமாகப் படும் விளக்கம்.

பிறகு வந்த ஆய்வுகளும் ஏறத்தாழ இதே இடத்தில்தான் வந்து நின்றன. நியூஸிலாந்தின் ஆக்லாந்தில் நடந்த அவசர ஊர்திப் பணியாளர் மாநாட்டுக்கு வந்தவர்களில் 74 பேரை வைத்து நடத்திய சோதனையில், ‘டிஸ்கோ சயின்ஸ்’ என்ற பாட்டோடு 82 சதவீதத்தினர் 100–120 வரம்புக்குள் அழுத்தினார்கள். பாட்டில்லாமல் 65 சதவீதத்தினர். ஆனால் எந்தப் பாட்டு ஒலித்தாலும், ஒலிக்காவிட்டாலும், மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான அழுத்தங்கள் ஆழம் போதாமலே இருந்தன. பார்சிலோனா பல்கலைக்கழகத்தின் மருத்துவ மாணவர்கள் 164 பேரைக் கொண்டு நடத்தி 2018இல் வெளியிடப்பட்ட ஆய்வில், ஸ்பெயின் மக்கள் அனைவருக்கும் தெரிந்த ‘மக்கரேனா’ பாட்டை மனதுக்குள் பாடச் சொன்ன குழுவில் 74 சதவீத அழுத்தங்கள் சரியான வேகத்தில் விழுந்தன. கைபேசிச் செயலியின் மெட்ரோனோம் ஒலியை, அதாவது சீரான இடைவெளியில் விழும் தட்டொலியை, கேட்ட குழுவில் அது 91 சதவீதம். எதுவும் தரப்படாத குழுவில் 24 சதவீதம் மட்டுமே. அங்கும் எந்தக் குழுவும் உரிய ஆழத்தை எட்டவில்லை. செயலியைப் பயன்படுத்திய குழு முதல் அழுத்தத்தைத் தொடங்கவே கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டது. நெருக்கடி நேரத்துக்கு மனதில் இருக்கும் பாட்டே ஏற்றது என்பதற்கு இந்தத் தாமதம் நல்ல காரணம். அவசர நேரத்தில் ஒரு வினாடியைக்கூடக் கைபேசித் திரையில் செலவழிக்கக் கூடாது.

பெரியவர்களுக்கு நெஞ்சு 5 சென்டிமீட்டராவது இறங்க வேண்டும். 6ஐத் தாண்டக் கூடாது. அந்த 5 சென்டிமீட்டர் உண்மையில் எவ்வளவு பலம் கேட்கும் என்பதைப் பொம்மையை அழுத்திப் பார்க்காதவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கடினம். கைத்தசையின் பலத்தால் அது நடக்காது. முழங்கையை மடக்காமல், தோள்கள் கைகளுக்கு நேர் மேலே வரும்படி முழங்காலிட்டு, உடலின் எடையை இடுப்பிலிருந்து இறக்க வேண்டும். விடும்போது முழுதாக விட வேண்டும். நெஞ்சின் மேல் சாய்ந்தபடி இருந்தால் இதயம் நிறையாது. ஓரிரு நிமிடத்தில் களைப்பு வந்து ஆழம் குறையத் தொடங்கும். அழுத்துகிறவருக்கு அது தெரியவே தெரியாது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும் என்ற விதி அதனால்தான் வந்தது. பாட்டு இவற்றில் எதையும் சொல்லித் தருவதில்லை. கை களைத்து மூன்று சென்டிமீட்டருக்கு மேல் இறங்காமல் போனாலும், பாட்டோடு ஒத்துப்போகிறோம் என்ற நிறைவு மாணவருக்கு இருந்துகொண்டே இருக்கும். பாட்டில் உள்ள உண்மையான ஆபத்து அதுதான்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் முடிவு, பாட்டைப் பயிற்சியிலிருந்து நீக்க வேண்டும் என்பதன்று. அதன் இடத்தைப் பின்னுக்குத் தள்ள வேண்டும் என்பதே. முதலில் மாணவர் எந்த ஒலியும் இல்லாமல் ஆழத்தையும் முழுதாக விடுவதையும் கற்க வேண்டும். உடல் அதைப் பிடித்துக்கொண்ட பிறகு பாட்டு வரலாம். பல பயிற்சிப் பொம்மைகளில் போதிய ஆழத்துக்கு இறங்கினால் ‘க்ளிக்’ என்று ஓர் ஒலி வரும். பாட்டைச் சத்தமாக வைக்கும் வகுப்புகளில் இந்த ஒலி அமுங்கிவிடுகிறது. வேகத்தைச் சொல்லும் ஒலி ஆழத்தைச் சொல்லும் ஒலியை மறைத்துவிடுகிறது. ‘க்ளிக்’ தெளிவாகக் கேட்கும் அளவுக்குப் பாட்டின் சத்தத்தைக் குறைத்து, ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு ‘க்ளிக்’ வருகிறதா என்று மாணவரையே கவனிக்கச் செய்தால், இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்துவிடும்.

அடுத்த கட்டத்தில் பாட்டை நிறுத்திவிட வேண்டும். ஒரு நிமிடம் பாட்டோடு அழுத்தியவர், அடுத்த நிமிடம் அதை மனதுக்குள் ஓடவிட்டு அழுத்திப் பழக வேண்டும். உண்மையான நிகழ்வு நடக்கும் தெருவிலோ வீட்டுக் கூடத்திலோ ஒலிபெருக்கி இருக்காது என்பதால், ஒலிக்கும் பாட்டோடு மட்டுமே பழகியவரின் பயிற்சி பாதியிலேயே நின்றதாகத்தான் பொருள். வாய்விட்டுப் பாடுவதும் எனக்கு உசிதமாகப் படவில்லை, ஏனென்றால் அழுத்துகிறவருக்கே மூச்சு வாங்கும். செயற்கைச் சுவாசமும் கொடுக்கப் பயின்றவர்கள் 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு என்ற கணக்கில் போக வேண்டியிருப்பதால், அவர்கள் வாய்விட்டு எண்ணத்தான் வேண்டும். பாட்டு வேகத்தைப் பார்த்துக்கொள்ள, எண்ணிக்கையை நாக்கு பார்த்துக்கொள்வது சற்றுப் பழகினால் வந்துவிடும். நிமிடத்துக்கு 110 என்ற வேகத்தில் 30 அழுத்தங்களுக்கு ஏறத்தாழ 16 வினாடி ஆகும் என்பதைப் பயிற்றுநர் தெரிந்து வைத்திருந்தால், கடிகாரத்தை ஒருமுறை பார்த்தே மாணவரின் வேகத்தைச் சொல்லிவிடலாம்.

தமிழில் வகுப்பு நடத்துகிறவர்கள் ஆங்கிலப் பாட்டையே பிடித்துக்கொள்ளத் தேவையில்லை. நினைவிலிருந்து எழும் வேகம்தான் இங்கே வேலை செய்கிறது என்றால், மாணவர் சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்த பாட்டே அவருக்குச் சிறந்தது. பீ ஜீஸ் பாட்டை வகுப்பில்தான் முதல்முறையாகக் கேட்கும் ஒருவருக்கு அதனால் பெரிய பயன் இருக்காது. தேர்ந்தெடுக்கும் முறை எளிது. பாட்டை ஓடவிட்டு, கை இயல்பாகத் தட்டும் தட்டுகளை 15 வினாடிக்கு எண்ணிப் பார்க்க வேண்டும். 25 முதல் 30 வரை வந்தால் பாட்டு வரம்புக்குள் இருக்கிறது. 27 அல்லது 28 வந்தால் மையத்தில் இருக்கிறது.

நம் பாட்டுகளுக்கென்று சில எச்சரிக்கைகளும் உண்டு. தாளமில்லாத விருத்தத்தோடு தொடங்கும் பாட்டும், பல்லவிக்கும் சரணத்துக்கும் இடையில் காலப்பிரமாணம் (தாளத்தின் வேகம்) மாறும் பாட்டும் பயன்படாது. திஸ்ர நடையில் அமைந்த பாட்டுகளில் ஒவ்வொரு தட்டும் மூன்றாகப் பிரிவதால், சிலர் பெரிய தட்டையும் சிலர் உள்ளே ஓடும் சிறு தட்டையும் பிடித்துக்கொள்வார்கள்; ஒரே பாட்டுக்கு ஒருவர் மிக மெதுவாகவும் அடுத்தவர் மிக வேகமாகவும் அழுத்த அது வழிவகுக்கும். ஒவ்வொரு தட்டும் நான்காகப் பிரியும் சதுஸ்ர நடையிலும் கீழ்க்காலத்தில் (மெதுவான வேகத்தில்) ஒருவரும் அதன் இரட்டிப்பில் ஒருவரும் போகக்கூடும். ஆகவே தேர்ந்தெடுத்த பாட்டை இசை தெரியாத நாலைந்து பேரிடம் கொடுத்துத் தட்டச் சொல்லி, எல்லோரும் ஒரே தட்டைப் பிடிக்கிறார்களா என்று பார்ப்பது நல்லது. எட்டு எண்ணிக்கை ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) உள்ள பாட்டில் நான்கு ஆவர்த்தனத்துக்கு 32 தட்டு வரும் என்பதால், 30இல் நிறுத்த வேண்டியவர் ஆவர்த்தனம் முடியும்வரை போய்விடுவதும் உண்டு. இரண்டு அழுத்தம் கூடுவதால் கெடுதல் ஒன்றுமில்லை. சொற்களையும் கவனிக்க வேண்டும். சாவைப் பற்றிய வரி பயிற்சிக் கூடத்தில் பொருட்படுத்தப்படாமல் போகலாம், நெருங்கிய ஒருவரின் நெஞ்சை அழுத்துகிறவரின் மனதில் ஓடும்போது அது அவரைக் கலங்கடிக்கும். குழந்தைகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் அழுத்தும் முறையும் ஆழமும் வேறு. வேகம் மட்டும் அதே 100–120தான் என்பதால் அதே பாட்டு அவர்களுக்கும் பொருந்தும்.

உண்மையான நிகழ்வில் பாட்டுக்கு முன் செய்ய வேண்டியவை இருக்கின்றன. தட்டிக் கூப்பிட்டும் அசைவில்லை, மூச்சு இல்லை அல்லது இயல்பாக இல்லை என்றால், தமிழகத்தில் 108ஐயும் இலங்கையில் 1990ஐயும் உடனே அழைக்கச் செய்து, அழுத்தத் தொடங்கிவிட வேண்டும். மின்னதிர்ச்சி தரும் ஏஇடி கருவி கிடைத்தால் அதைக் கொண்டுவரச் சொல்ல வேண்டும். பல ஏஇடி கருவிகளில் மெட்ரோனோம் ஒலி உள்ளேயே அமைந்திருக்கிறது. அது ஒலிக்கத் தொடங்கியதும் மனதில் ஓடும் பாட்டை விட்டுவிட்டு அதைப் பின்பற்றுவதே சரி.

ஆழம் பற்றிய குறையை வெறும் அறிவுரையால் தீர்க்க முடியாது என்பதை அமெரிக்க இதயச் சங்கம் ஏற்றுக்கொண்டு, 2019 ஜனவரி 31 முதல் பெரியவர்களுக்கான சிபிஆர் கற்பிக்கும் தன் வகுப்புகள் அனைத்திலும் வேகத்தையும் ஆழத்தையும் அளந்து உடனுக்குடன் காட்டும் கருவி இருக்க வேண்டும் என்று விதித்தது. அப்படிப்பட்ட பொம்மைகள் விலை கூடியவை. பள்ளிகளிலும் ஊர்க் கூட்டங்களிலும் நடக்கும் வகுப்புகளுக்கு அவை எட்டுவதில்லை. அங்கெல்லாம் மாணவர்களை இருவர் இருவராகப் பிரித்து, ஒருவர் அழுத்தும்போது மற்றவரைப் பொம்மையின் நெஞ்சு மட்டத்துக்குக் கண் வரும்படி குனிந்து, எவ்வளவு இறங்குகிறது, முழுதாக எழுகிறதா என்பதை மட்டும் பார்த்து அவ்வப்போது சொல்ல வைக்கலாம். சில மாதங்களிலேயே இந்தத் திறமை மங்கத் தொடங்கிவிடும் என்பதால், அதே இருவரை ஆறு மாதத்துக்குள் மீண்டும் வரவழைத்து, பாட்டு ஒலிக்காமல் இரண்டு நிமிடம் அழுத்தச் சொல்லி, முதல் நிமிடத்தின் ஆழம் இரண்டாம் நிமிடத்திலும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.